நியாய விலையா? நியாயத்தின் விலையா?

கையிலிருந்து போன் நழுவித் தரையில் விழுகிறது. பதறிப்போய் எடுத்துப் பார்த்தால், சிலந்தி வலை பின்னியது போலக் கண்ணாடி முழுவதும் விரிசல். ரிப்பேர் கடைக்கு ஓடினால், கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்கிறார். கேட்டவருக்குத் தலை சுற்றுகிறது. "இதற்குப் போய் இவ்வளவு செலவழிப்பானேன், ஸார்? இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் புதுசே வாங்கிவிடலாமே!" என்று அவரே யோசனையும் சொல்லிவிடுகிறார்.

ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் எவருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. உடைந்தது கண்ணாடி ஒன்றுதான். அல்லது சோர்ந்து போனது பாட்டரி ஒன்றுதான். மற்ற பாகங்கள் எல்லாம் கல்லுப் போல இருக்கின்றன. ஆனால் போனோ மேஜை இழுப்பறையின் மூலைக்குப் போய்விடுகிறது.

சைக்கிள் ட்யூபில் பஞ்சர் விழுந்தால் சைக்கிளையா தூக்கி எறிகிறோம்? குடைக்கம்பி ஒடிந்தால் கம்பியை மாற்றுகிறோம். செருப்பின் வார் அறுந்தால் தைத்துப் போட்டுக்கொள்கிறோம். போனுக்கு மட்டும் இந்தத் தலைவிதி ஏன்?

ஏனென்றால், இன்றைய போன்களில் பெரும்பாலானவை திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பசை போட்டு ஒட்டி, பாட்டரியை உள்ளே சிறை வைத்து, பளபளவென்று மூடிவிடுகிறார்கள். மெலிதாக இருக்கிறது, அழகாக இருக்கிறது. ஆனால் கெட்டுப்போனால், திறப்பதே ஒரு ரண சிகிச்சை!

இதன் பலன் என்ன? 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் குவிந்த மின் சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐக்கிய நாடுகளின் கணக்கு. போன் மட்டுமல்ல, ரேடியோவும் ரெப்ரிஜிரேட்டரும் சேர்ந்த கணக்குதான் இது. இதில் முறையாகச் சேகரித்து மறுபயனுக்குக் கொண்டு வந்ததாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கு சொச்சம்தான்.

ஆம்ஸ்டர்டாமில் எழுந்த கேள்வி

இந்த வழக்கத்துக்கு மாறாக ஒரு போன் செய்து பார்க்கலாம் என்று கிளம்பியவர்கள், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார். ஆனால் ஆரம்பத்தில் அவர்களுடைய கவலை, உடைந்த கண்ணாடியைப் பற்றியதல்ல. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டைப் பற்றியது. போனுக்குள் இருக்கும் தாதுப்பொருள்களைத் தோண்டி எடுக்கும் இடங்களில், ஆயுதம் தாங்கிய கூட்டங்கள் அந்தப் பணத்தைக் கொண்டே யுத்தம் நடத்துகின்றன என்பதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல, 2010-ம் ஆண்டில் ஒரு பிரசாரமாகத்தான் இந்த முயற்சி தொடங்கியது.

பிரசாரம் செய்து கொண்டே இருந்தால் போதுமா? நாமே ஒரு போன் செய்து காட்டினால் என்ன? இந்த யோசனையின் விளைவாக 2013-ல் ஒரு கம்பெனி பிறந்தது. அதை முன்னின்று தொடங்கியவர் பாஸ் வான் ஆபெல் என்ற வடிவமைப்பாளர். கம்பெனிக்கும் போனுக்கும் ஒரே பெயர்: ஃபேர்போன். 'நியாயமான போன்' என்று பொருள்.

போன் செய்து பழக்கமே இல்லாத கம்பெனி. கடையில் காட்ட ஒரு போன்கூட இல்லை. இருந்தும், விலையாகிய 325 யூரோவை முன்கூட்டியே கட்டி வாங்க ஆட்கள் முன்வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் 25,000 போன்களும் விலை போய்விட்டன. பெயரில் இருந்த நியாயத்தை நம்பிக் கொடுத்த பணம் அது.

திருப்புளி ஒன்று போதும்

2015-ல் வந்த இரண்டாவது போனிலிருந்துதான், கழற்றி மாட்டும் வித்தை முழு வடிவம் பெற்றது. ஒவ்வொரு பாகமும் தனித்தனிப் பெட்டி போல அமைந்தது. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிய பாகத்தை மாட்டிக் கொள்ளலாம்.

2025-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, இந்த வரிசையில் ஆறாவது தலைமுறைப் போன் வெளிவந்தது. ஐரோப்பாவில் இதன் விலை 599 யூரோ. அன்றைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ 60,000 ரூபாய். இதில் மாற்றக்கூடிய பாகங்கள் 12. திரை, பாட்டரி, காமிராக்கள், ஒலிபெருக்கி, மின்சாரம் ஏற்றும் துளை, பின்மூடி என்று வரிசையாகச் சொல்லலாம். சிறிய திருப்புளி ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

போன்களைப் பிரித்துப் பார்த்து, ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று மார்க் போடும் 'ஐஃபிக்ஸிட்' என்ற அமெரிக்க ஸ்தாபனம் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறது. புதிய திரை வேண்டுமா? சுமார் 90 யூரோ. பாட்டரி வேண்டுமா? சுமார் 40 யூரோ. கம்பெனியிடமே வாங்கி, வீட்டு மேஜையில் வைத்து மாட்டிக் கொள்ளலாம்.

இன்னும் இரண்டு வாக்குறுதிகளும் உண்டு. ஒன்று, 5 வருஷ உத்தரவாதம். மற்றொன்று, போனை இயக்கும் மென்பொருளை 2033-ம் ஆண்டு வரை புதுப்பித்துத் தருவது. எட்டு வருஷம்! பையன் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது வாங்கிய போன், அவன் காலேஜில் சேரும்போதும் உழைக்க வேண்டும் என்பது கணக்கு.

போனின் பக்கவாட்டில் ஒரு சிறிய விசையும் இருக்கிறது. அதைத் தள்ளினால், கண்ணைப் பறிக்கும் ஆடம்பரங்கள் எல்லாம் மறைந்து, அவசியமான சில காரியங்கள் மட்டும் திரையில் நிற்கும். போனின் தொல்லையிலிருந்து தப்பப் போனிலேயே ஒரு வழி!

மறு தட்டில் என்ன?

தராசின் ஒரு தட்டைப் பார்த்தாயிற்று. மறு தட்டையும் பார்க்க வேண்டாமா?

இதே 599 யூரோவுக்கு, பெரிய கம்பெனிகளின் போன்களில் இதைவிட வேகமான மூளையும் இதைவிடச் சிறந்த காமிராவும் கிடைக்கும். இதன் மூளை நடுத்தர ரகம். அன்றாட வேலைக்குத் தாராளம், பந்தயத்துக்குப் போதாது. படங்கள் நன்றாகவே விழுகின்றன. ஆனால் இரவு வெளிச்சத்தில் முதல்தரப் போன்களோடு போட்டி போட முடியாது.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். மழைத் தூறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாளித் தண்ணீரில் விழுந்தால் ஆபத்து. பசை போட்டு ஒட்டிய போன்கள் இதில் ஜெயித்துவிடுகின்றன. சுலபமாகத் திறக்கவும் வேண்டும், தண்ணீரும் புகக்கூடாது என்றால், இரண்டையும் ஒருங்கே செய்வது எளிதல்ல. கம்பியில்லாமல் மின்சாரம் ஏற்றும் வசதியும் இதில் இல்லை.

ரசிகர்களின் பெரிய வருத்தம் வேறு ஒன்று. காதில் மாட்டிக் கேட்கும் கருவிக்கான வட்டத் துளையை, 2021-ல் வந்த நான்காவது போனோடு கம்பெனி எடுத்துவிட்டது. அதே சமயத்தில், கம்பியில்லாத காதுக் கருவி ஒன்றையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. "நல்ல நிலையில் இருக்கும் பழைய கருவியைத் தூக்கிப் போடச் சொல்வது நீங்கள்தானா?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாட்டரியை மாற்றக்கூடிய காதுக் கருவியைக் கம்பெனி 2024-ல் வெளியிட்டது. ஆனால் போனில் அந்தத் துளை திரும்பி வரவில்லை.

முந்திய போனில் பாட்டரியை விரலாலேயே எடுத்துவிடலாம். புதிய போனில் அதற்கும் திருகாணி வைத்துவிட்டார்கள். இது சிறிய குறைதான். ஆயினும், பழைய வாடிக்கைக்காரர்கள் கவனிக்காமல் விடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

பெரிய கேள்வி விலைதான். 599 யூரோ கொடுப்பது சிக்கனமா, வீண் செலவா?

ஒருவர் இந்தப் போனை வாங்கி எட்டு வருஷமும் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். நடுவில் ஒரு தடவை திரை உடைகிறது. இரண்டு தடவை பாட்டரி மாற்றுகிறார். மொத்தச் செலவு ஏறத்தாழ 770 யூரோ. வருஷத்துக்கு 96 யூரோ.

அவருடைய நண்பர் 300 யூரோ போன் வாங்கி, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதிது மாற்றுகிறார். அவருக்கு வருஷத்துக்கு 100 யூரோ. இருவரும் ஏறத்தாழ சமம்!

இன்னொருவர் 150 யூரோ போன் வாங்கி மூன்று வருஷம் ஓட்டுகிறார். அவருக்கு வருஷத்துக்கு 50 யூரோதான். பணக் கணக்கில் அவரை யாரும் வெல்ல முடியாது.

முதல் மனிதரே நான்கு வருஷத்தில் சலித்துப் போய்ப் புதிய போன் வாங்கிவிட்டால்? உதிரி பாகம் ஒன்றுகூட வாங்காமலே வருஷத்துக்கு 150 யூரோ ஆகிவிடும். போட்ட கணக்கெல்லாம் தண்ணீரில் எழுதிய எழுத்தாகும்.

ஆக, இந்தப் போனில் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது கம்பெனி அல்ல, வாங்குகிறவருடைய பொறுமைதான். இயற்கைக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு போனின் ஆயுளில் காற்றைக் கெடுக்கும் கரியமில வாயுவின் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையம் ஃபேர்போனை ஆராய்ந்து கண்டதும் இதுவே. போன் எத்தனை வருஷம் உழைக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை அந்தப் பாவம் பங்கு போட்டுக் குறைகிறது.

முதல் போன் கற்றுத் தந்த பாடம்

எட்டு வருஷம் உழைக்கும் என்று சொன்னால் போதுமா? நம்புவது எப்படி?

சந்தேகத்துக்கு இடம் உண்டு. முதல் ஃபேர்போனின் கதை அப்படி. அதன் மூளையைச் செய்த கம்பெனியிடமிருந்து மென்பொருள் உதவி தொடரவில்லை. உதிரி பாகங்களும் தீர்ந்து போயின. 2017-ல், இனி அந்தப் போனுக்குத் தங்களால் ஆதரவு தர இயலாது என்று ஃபேர்போன் கம்பெனி கைவிரித்துவிட்டது. நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு அது கசப்பு மருந்து.

ஆனால் கம்பெனி அந்த அடியை மறக்கவில்லை. 2015-ல் வந்த இரண்டாவது போனுக்கு, மூளையைச் செய்தவர்கள் கைவிட்ட பிறகும், தாங்களே மென்பொருளைத் திருத்தித் திருத்தி 2023 வரை கொண்டு வந்து சேர்த்தார்கள். ஏழு வருஷம்! முதல் போனில் தோற்றவர்கள் இரண்டாவது போனில் சொல்லைக் காப்பாற்றினார்கள். எட்டு வருஷ வாக்குறுதிக்கு இன்று இருக்கும் சாட்சி இதுதான். ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. வாக்குறுதி நிற்க வேண்டுமானால், அதைக் கொடுத்த கம்பெனியும் அத்தனை வருஷம் நின்றாக வேண்டும்.

மண்ணுக்கு அடியில்...

இனி, பெயரில் இருக்கும் நியாயத்தைப் பார்ப்போம்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு போனுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட மூலப்பொருள்கள் இருக்கின்றன. தங்கம் இருக்கிறது, வெள்ளீயம் இருக்கிறது, டங்ஸ்டன், டாண்டலம், கோபால்ட் என்று சாதாரண மனிதர் கேள்விப்பட்டிராத உலோகங்களும் இருக்கின்றன. உலகத்தின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவில் கிடைக்கிறது. அங்கே கோல்வேசி வட்டாரத்தில், யந்திரம் எதுவும் இல்லாமல் கையாலேயே சுரங்கம் தோண்டிப் பிழைப்பவர்கள் ஏராளம். குழி சரிந்தால் அதுவே சமாதி. சிறுவர்களும் அந்த வேலையில் இருக்கிறார்கள்.

2010-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்தது. காங்கோ வட்டாரத்திலிருந்து வரும் தாதுக்கள் யுத்தத்துக்குப் பணமாகின்றனவா என்பதைக் கம்பெனிகள் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் நல்லதுதான். ஆனால் பல கம்பெனிகள் "வம்பே வேண்டாம்" என்று காங்கோவை விட்டே ஒதுங்கிக் கொண்டன. யுத்தம் செய்தவன் பிழைத்துக் கொண்டான். மண்வெட்டி பிடித்தவன் வயிற்றில்தான் அடி விழுந்தது.

ஃபேர்போன் வேறு வழியில் போயிற்று. ஒதுங்குவதற்குப் பதில், அங்கேயே வாங்குவது. வாங்குகிறவன் என்ற உரிமையோடு நிலைமையைச் சீர்திருத்தக் கேட்பது என்று முடிவு செய்தது. காங்கோவின் வெள்ளீயமும் டாண்டலமும், ருவாண்டாவின் டங்ஸ்டனும் இப்படித்தான் சேர்ந்தன. 2016-ல், நியாய வர்த்தக முத்திரை பெற்ற பெரு நாட்டுத் தங்கத்தையும் தன் போனில் பயன்படுத்தத் தொடங்கியது. 2020-ல், கோபால்ட் சுரங்கங்களைச் சீர்படுத்த மற்றவர்களோடு கூட்டணி சேர்ந்தது.

அப்படியானால் போன் முழுவதும் நியாயமா? இல்லை. அந்தக் கம்பெனியே அப்படிச் சொல்லிக் கொள்வதில்லை. புதிய போனின் எடையில் பாதிக்கு மேல், மறுபயனுக்கு வந்த பொருள் அல்லது நியாயமாகச் சேகரித்த பொருள் என்பது அவர்கள் தரும் கணக்கு. மிச்சப் பாதி?

அந்த மிச்சத்தைச் சரி செய்வது சாமானியமான வேலை அல்ல. டாண்டலத் தாதுவுக்குப் பேர் போன காங்கோவின் ரூபாயா என்ற ஊரை, 2024-ல் ஒரு கலகப் படை கைப்பற்றியது. சண்டை நடக்கும் பூமியில், மூட்டை மூட்டையாகக் கைமாறும் மண்ணில் எந்த மூட்டை சுத்தம், எந்த மூட்டையில் ரத்தக் கறை என்று ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து சொல்வது கடினம்.

இரண்டு டாலருக்கும் குறைவு

சுரங்கத்திலிருந்து தொழிற்சாலைக்கு வருவோம். வேறு பல போன்களைப் போல ஃபேர்போனும் சீனாவில்தான் பூட்டப்படுகிறது. தொழிலாளிக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி கிடைத்தாலும், அதை வைத்துக் கொண்டு குடும்பம் நடத்துவது சிரமம். ஆகவே மிகைநேர வேலையை நம்பியே அவர்கள் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

2019-ல் மூன்றாவது போன் வந்தபோது, கம்பெனி ஒரு கணக்குப் போட்டது. இந்த போனைப் பூட்டும் தொழிலாளிக்குக் கௌரவமாக வாழத் தேவையான ஊதியம் கொடுக்க வேண்டுமானால், ஒரு போனுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகும்?

விடை, 2 டாலருக்கும் குறைவு!

450 யூரோவுக்கு விற்ற போனில் அது ஒரு டீச் செலவு. கம்பெனி அந்தத் தொகையைப் போனஸாகக் கொடுக்கத் தொடங்கியது. தன் போனைப் பூட்டியவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், அந்தத் தொழிற்சாலையின் உற்பத்தித் தொழிலாளர்கள் எல்லாரும் பகிர்ந்து கொள்ளும்படி செய்தது. பங்கு பிரித்தபோது ஒவ்வொருவர் கைக்கும் வந்தது சிறு தொகைதான். அதே தொழிற்சாலையில் சாமான் செய்து வாங்கும் மற்றக் கம்பெனிகளும் இதே போலக் கொடுத்திருந்தால், எல்லாருக்குமே வாழ்க்கை ஊதியம் கிடைத்திருக்கும்.

இங்கேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஃபேர்போன் விலை அதிகமாக இருக்கிறதே, நியாயம் என்றால் அவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. தொழிலாளியின் பங்கு 2 டாலர்கூட இல்லை. அப்படியானால் மிச்ச விலை எதற்கு?

கம்பெனி சிறியது என்பதற்குத்தான். 2022-ல் ஃபேர்போன் விற்றவை ஏறத்தாழ 1,15,000 போன்கள். அந்த ஆண்டு உலகத்தில் கடைக்கு வந்த ஸ்மார்ட்போன்களோ ஏறத்தாழ 120 கோடி. பத்தாயிரத்தில் ஒன்று! கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்குத் திரையும் மூளையும் ஒரு விலை. லட்சத்தில் வாங்குகிறவனுக்கு வேறு விலை. போனை உருவாக்கவும், எட்டு வருஷம் மென்பொருளைப் பராமரிக்கவும் ஆகும் செலவையும் அந்த ஒரு லட்சம் பேர் தலையில்தான் பங்கு போட வேண்டும்.

வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுப்பது நியாயத்தின் விலை அல்ல. நியாயம் தனியாக நிற்பதன் விலை.

சட்டமும் வந்தது

ஆனால் தனியாக நின்ற காலம் மெல்ல மாறி வருகிறது. ஆறாவது போன் வெளிவருவதற்கு ஐந்து நாள் முன்னதாக, 2025 ஜூன் 20-ந் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு புதிய விதி அமலுக்கு வந்தது. அங்கே புதிதாக வரும் போன்களுக்கு, அந்த ரகத்தின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். குறைந்தது ஐந்து வருஷத்துக்கு மென்பொருள் புதுப்பித்துத் தர வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கூகிள் 2023-லும் சாம்சங் 2024-லும், தங்கள் உயர்தரப் போன்களுக்கு ஏழு வருஷ மென்பொருள் ஆதரவு என்று அறிவித்துவிட்டன. ஃபேர்போன் ஒரு காலத்தில் தனியாகச் சொன்ன வார்த்தையை இன்று மற்றவர்களும் சொல்கிறார்கள். வியாபாரப் போட்டியில் அதற்கு இது நஷ்டம். ஆனால் அது தொடங்கிய காரியத்துக்கு இதுவே வெற்றி!

யார் வாங்கலாம்?

கடைசியில் தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது?

வருஷத்துக்கு ஒரு புதிய போன் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்பவருக்கு இது ஏற்றதல்ல. முதல்தரக் காமிராவுக்காகவே போன் வாங்குகிறவருக்கும் இது திருப்தி தராது. இந்தப் போன் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் விற்பனையாகிறது. உதிரி பாகம் எளிதில் வந்து சேராத ஊரில் இருப்பவருக்கு, கழற்றி மாட்டும் வித்தையால் பிரயோசனம் இல்லை.

பாகம் கிடைக்கும் நாட்டில் இருந்து, திருப்புளி பிடிக்க அஞ்சாமல், ஏழெட்டு வருஷம் ஒரே போனோடு குடித்தனம் நடத்த மனம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். பணம் வீணாகாது.

ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒரு புத்திமதி உண்டு. கையில் இருக்கும் போன் நன்றாக வேலை செய்கிறதா? அப்படியானால் நியாயமான போன் அதுதான்! அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு நியாயத்தை வாங்குவதில் அர்த்தம் இல்லை. சோர்ந்த பாட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினால், காங்கோவின் மண்ணில் ஒரு கூடை குறையும். குப்பை மேட்டில் ஒரு போன் குறையும்.

அந்தப் போன் என்றைக்காவது உண்மையிலேயே ஓய்ந்து, புதிது வாங்கக் கடை ஏறும் நாள் வரும். அன்று, "எத்தனை காமிரா?" என்று கேட்பதற்கு முன்னால், "பாட்டரி மாற்றலாமா? எத்தனை வருஷத்துக்குப் பாகம் கிடைக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம். பத்தாயிரத்தில் ஒருவர் கேட்டதற்கே சட்டம்வரை காரியம் நகர்ந்திருக்கிறது. மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தால், நியாயத்துக்குத் தனி விலை எதற்கு?